பாங்காக்கில் பெற்றோருடன் சில நாள்கள்: சாலை நெரிசலில் சிக்காமல் நகரைப் பார்க்க வழி உண்டா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் இறுதியில் அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் பாங்காக் செல்லவிருக்கிறேன். அம்மா சுத்த சைவம். அப்பாவுக்கு நெடுநேரம் நடந்தால் மூட்டு வலி வந்துவிடும். பயண முகவர் கொடுத்த திட்டத்தில் பேரங்காடிகளும் நாள் முழுக்க வேன் பயணமும்தான் இருக்கின்றன. அந்த ஊர்ப் போக்குவரத்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து, பாதி விடுமுறை வண்டிக்குள்ளேயே போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. அரண்மனை, கோயில்களோடு அங்குள்ள மக்களின் அன்றாட வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

படகுத்துறை:
வணக்கம் தம்பி. வேனை விட்டுவிட்டுப் படகைப் பிடியுங்கள். 1782இல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை நிறுவியபோது, ஆறும் கால்வாய்களுமே அதன் தெருக்களாக இருந்தன. சாரோன் குருங் போன்ற பெரிய சாலைகள் 1860களில்தான் வந்தன. அதனால்தான் அரண்மனையும், வாட் போ, வாட் அருண் என்ற இரு பௌத்தக் கோயில்களும் இன்றும் படகுத்துறைகளிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன.

மேம்பால ரயிலில் வந்து சபான் டாக்சின் நிலையத்தில் இறங்கினால், கீழேயே சாத்தோன் துறை. அங்கே ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகில் ஏறுங்கள்; அது ஊர் மக்கள் வேலைக்குச் சென்று வரும் படகு, கட்டணமும் மிகக் குறைவு. வாட் போவில் பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பெரும்பாலோர் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பாதங்களுக்கு அருகில் சற்று நேரம் நில்லுங்கள். முத்துச்சிப்பி பதித்து வரைந்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. பிறகு சில பாட் (தாய்லாந்து நாணயம்) கொடுத்துச் சிறு படகில் எதிர்க்கரைக்குப் போனால் வாட் அருண். தொலைவில் வெறும் சாம்பல் நிறக் கோபுரமாகத் தெரிவது, அருகில் சென்றதும் சீனப் பீங்கான் துண்டுகளை இதழ் இதழாக ஒட்டிய பூ வேலையாக விரிகிறது. படிகள் மிகவும் செங்குத்தானவை. அப்பா கீழேயே சுற்றிப் பார்க்கட்டும், வேலைப்பாட்டின் பெரும்பகுதி அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

அன்றாட வாழ்க்கையைக் காண வேண்டுமென்றால் சேன் சேப் கால்வாய்ப் படகைத் தவற விடாதீர்கள். 1837 முதல் 1840 வரை, படைகளையும் தளவாடங்களையும் கிழக்கே கொண்டுசெல்ல வெட்டப்பட்ட கால்வாய் அது. இன்று அலுவலகம் செல்பவர்களும் மாணவர்களும் அதில்தான் விரைகிறார்கள். எதிரே படகு வந்தால் ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாய் மறைப்பை உயர்த்துவார்கள். நீர் தெறித்து அடங்கியதும் மீண்டும் இறக்கிவிடுவார்கள். நடத்துநரோ தலைக்கவசம் அணிந்துகொண்டு, படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே பயணச்சீட்டு கொடுப்பார். இரு கரைகளிலும் வீடுகளின் பின்புறங்கள், துணி காயும் கொடிகள், பூந்தொட்டிகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். ஒரே ஓர் எச்சரிக்கை: படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். எனவே, நெரிசலான காலை, மாலை வேளைகளைத் தவிர்த்து, நண்பகலை ஒட்டி அப்பாவை அழைத்துச் செல்லுங்கள்.

மல்லிகைச்சரம்:
அம்மாவின் உணவைப் பற்றி நான் சொல்கிறேன். தாய்லாந்துச் சமையலில் வெறும் கீரைப் பொரியலில்கூட மீன் சாறு சேர்ந்திருக்கும். ஆகவே 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது, 'ஜே' என்று சொல்ல வேண்டும். சீன பௌத்த மரபிலிருந்து வந்த இந்த உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இராது, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து உள்ள சிறு கொடியைக் கட்டியிருக்கும் கடைகள் அவை. நம் பக்கத்து ருசிக்கு ஏங்கினால், துணிக்கடைகள் நிறைந்த பாஹுரத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள குருத்வாராவைச் சுற்றிப் பஞ்சாபி உணவகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் இரவு பகலாக இயங்கும் பாக் குளோங் பூச்சந்தை. மல்லிகை மொட்டுகளை ஊசியில் கோத்து, இடையிடையே ரோஜா இதழ் மடித்து, அங்குள்ள பெண்கள் மாலை தொடுக்கும் வேகத்தை உங்கள் அம்மா நிச்சயம் விரும்பிப் பார்ப்பார்.

ஊஞ்சல்மேடை:
மார்கழியில் செல்வதால் இதையும் சொல்ல விரும்புகிறேன். பழைய நகரின் நடுவே 1784இல் முதலில் எழுப்பப்பட்ட சிவப்பு நிறப் பேரூஞ்சல் ஒன்று நிற்கிறது. அதில் ஊசலாடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டுவிட்டாலும், அருகிலுள்ள தேவஸ்தான் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் திருவெம்பாவைப் பாடல்களை இன்றும் தங்கள் மரபின்படி ஓதி வருகிறார்கள். சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் சென்று வாருங்கள். நம்மவர்களைவிடத் தாய்லாந்து மக்களே அங்கு மிகுதியாக அர்ச்சனைத் தட்டேந்தி நிற்பார்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை.

வைகைக்கரை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அரண்மனையை எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது? வெளியே நிற்பவர்கள் ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

படகுத்துறை:
காலை 8.30 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். வெயிலும் கூட்டமும் பத்து மணிக்கு மேல் அப்பாவைத் தளர்த்திவிடும். நுழைவுக் கட்டணம் தலைக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அம்மாவின் புடவைக்குத் தடையில்லை, நீங்கள் அரைக்கால் சட்டை அணிய வேண்டாம். வாசலுக்கு முன்னால் யாராவது கனிவாகப் பேசி, 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயிலுக்கு மலிவாக அழைத்துச் செல்கிறேன்' என்று டுக்-டுக் ஆட்டோவைக் காட்டினால், ஏறாதீர்கள். அது பெரும்பாலும் நகைக்கடையில்தான் போய் நிற்கும். நேராக நுழைவாயிலுக்கே சென்று, அங்குள்ள காவலரிடம் கேளுங்கள்.