புதுப்பிப்பு: மலிவு விலைக் குர்த்தா, சைஸ் திருத்தம்

திருகோணமலைப் பெரிய கடையில் வந்திருக்கும் மலிவு விலைப் பெண்கள் உடுப்புகள் பற்றிய முந்தைய பதிவில், "லேபல் சைஸையே எடுங்கோ" என்று எழுதியிருந்தேன். அது பருத்தி-பொலியெஸ்டர் கலவைக்குத்தான் பொருந்தும். ரெயோன் (மரக்கூழில் இருந்து செய்யும் வழுவழுப்பான துணி) முதல் கழுவலிலேயே சுருங்கும், அதுவும் நீளத்தில்தான் அதிகம். 40 அங்குலக் குர்த்தா 5 சதவீதம் சுருங்கினாலே 2 அங்குலம் போய்விடும். ஆகவே நீளத்தைக் கூட்டி எடுங்கோ; மார்புச் சுற்றளவிலும் 4 அங்குலம் தளர்வு இருக்கட்டும். எங்கட வெக்கைக்கு அது கட்டாயம் வேணும்.

வாங்கமுதல் உட்புறம் திருப்பிப் பாருங்கோ. பக்கத் தையலில் அரை அங்குலத் துணியாவது விட்டிருக்க வேணும். மிச்சத் துணி இல்லாமல் ஓவர்லொக் (இழை பிரியாமல் ஓரத்தில் அடிக்கும் தையல்) ஓரத்தோடு முடிந்திருந்தால் தையல்காரராலும் பெருப்பிக்க ஏலாது. தையலை இரு பக்கமும் மெதுவாக இழுங்கோ. இழை விலகினால் வேண்டாம், அக்குளில்தான் முதலில் கிழியும்.

ரெயோன் நனைந்தால் பலம் குறையும். முறுக்கிப் பிழியாதேங்கோ; நிழலில் காயப்போடுங்கோ.