ஸ்கேனிங் அலுவலகத்துக்கு டெஸ்க்டாப் பிராசசரா, சர்வர் பிராசசரா?

மயிலைச்சுவடி எழுதியது:

வணக்கம். பழைய புத்தகங்கள், இதழ்கள், கோயில் கணக்குப் பதிவேடுகள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கோப்புகளாக்கித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை மயிலாப்பூரில் என் வீட்டு மாடியில் நடத்தி வருகிறேன். மூன்று ஸ்கேனர்கள், ஒன்பது பேர், நாளொன்றுக்குச் சுமார் 2,400 பக்கங்கள். கோப்புகளையெல்லாம் சேமித்து வைப்பது, பட்டியல் தரவுத்தளத்தை இயக்குவது, இரவில் டெசராக்ட் மென்பொருளைக் கொண்டு பக்கங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பது ஆகிய மூன்றையும் எட்டு ஆண்டு பழைய ஒரே கணினி செய்துவருகிறது. பிழைதிருத்துவோர் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது வந்து சேரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

புதிய கணினிக்கு இரண்டு விலைப்புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்கள். ஒன்று 16 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட டெஸ்க்டாப் வகை ரைசன் 9 9950எக்ஸ். மற்றது 32 கோர் கொண்ட சர்வர் வகை எபிக் 9354பி. இரண்டாவதன் மொத்த விலை முதலாவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எதை வாங்கினாலும் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். வாங்கியது ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கவும் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

சர்வர் அறைக்காரர் எழுதியது:

ஐயா, கடன் சுமை புரிகிறது. ஆனாலும் இரண்டாவதையே வாங்குங்கள் என்பேன். நான் சிறுசேரிப் பக்கம் ஒரு தரவு மையத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன். கோர் எண்ணிக்கைக்காக இதைச் சொல்லவில்லை, பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேமுக்காகச் சொல்கிறேன்.

ராயப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய வட்டிலிருந்து புதிய வட்டுக்குக் கோப்புகளை மாற்றித் தரும்படி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். படி சரியாக எடுக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணை (உள்ளடக்கத்திலிருந்து வரும் அடையாள எண்ணை) கணக்கிட்டேன், பொருந்தவில்லை. அதே கோப்புக்கு மூன்று முறை கணக்கிட்டபோது மூன்று வெவ்வேறு எண்கள் வந்தன. வட்டில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றிரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டதில், இரண்டு ரேம் அட்டைகளில் ஒன்றில், ஒரே முகவரியில், ஒரே ஒரு பிட் திரும்பத் திரும்பப் புரண்டுகொண்டிருந்தது தெரிந்தது. அதற்குள் பல வாரங்களாக அந்தக் கணினி வழியாகத்தான் படங்கள் சேமிக்கப்பட்டிருந்தன. திறந்து பார்த்தால் சில படங்களில் ஏதோ ஒரு வரியிலிருந்து கீழே முழுவதும் சாம்பல் பட்டையாக இருந்தது. கணினி ஒருநாளும் நின்றுபோகவில்லை, ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை.

இது அபூர்வம் என்று யாரேனும் சொல்லக்கூடும். கூகுள் நிறுவனத்தின் கணினிகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, ஓராண்டில் ரேம் அட்டைகளில் 8 விழுக்காட்டுக்கும் மேலானவற்றிலும், கணினிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றிலும் ஒரு திருத்தத்தக்க பிழையாவது பதிவானதைக் காட்டியது. ஈசிசி ரேம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும். இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்து அறிவிக்கும். உங்களிடம் வரும் பதிவேடு கோயிலுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. பக்கம் கெட்டுப்போனது நான்கு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தால் மறுபடி எங்கே போய் ஸ்கேன் செய்வீர்கள்?

ஒற்றை இழை எழுதியது:

சர்வர் அறைக்காரர் சொன்ன நிகழ்ச்சியை நான் மறுக்கவில்லை, ஆனால் கேள்வி கேட்டவர் முதலில் சொன்ன குறை பிழைதிருத்துவோர் காத்திருக்கிறார்கள் என்பதே. அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எந்தப் பிராசசரை வாங்கினாலும் பணம் வீண்.

கணக்கைப் பாருங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் 4,960 × 7,016 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட்; ஆக ஒரு பக்கம் ஏறத்தாழ 104 மெகாபைட். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110, 115 மெகாபைட்டுக்கு மேல் போகாது. அதாவது உங்கள் அலுவலகம் முழுவதற்கும் சேர்த்து நொடிக்கு ஒரு பக்கம்தான். மூன்று ஸ்கேனர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆறு பேர் பக்கங்களைத் திறந்தால், எபிக் வாங்கினாலும் அவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். பக்கம் திறக்கும் நேரத்தில் பிராசசர் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? இரவு வேலையில் ஒரு பக்கத்துக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மயிலைச்சுவடி எழுதியது:

இன்று பார்த்தேன். 600 டிபிஐ, வண்ணம், சுருக்காத டிஃப் கோப்புகள்தான். பக்கங்கள் திறக்கும்போது பிராசசர் 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நெட்வொர்க் வேகம் மட்டும் 110இல் முட்டி நின்றது. சுவிட்சும் கேபிள்களும் கிகாபிட் வகையே. இரவு வேலையில் ஒரு கோரில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 நொடிகள் ஆகின்றன. இதுவரை எழுத்துப் பிரிக்காமல் தேங்கியிருக்கும் பக்கங்கள் ஆறு லட்சம். டிடிஆர்5 ரேம் எல்லாவற்றிலும் ஈசிசி உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னார். அது சரியா?

ஒற்றை இழை எழுதியது:

அப்படியானால் பகல் வேலையின் தாமதத்துக்கு மருந்து பிராசசர் அல்ல, 10 கிகாபிட் சுவிட்சும் சர்வரில் ஒரு 10 கிகாபிட் கார்டும்தான். அதை இந்த வாரமே செய்யலாம். இரவு வேலையைப் பாருங்கள்: 2,400 பக்கம், பக்கத்துக்கு 10 நொடி, 16 கோருக்குப் பங்கிட்டால் 25 நிமிடம். இப்போதைய பழைய கோரின் வேகத்திலேயே இது; புதியது இன்னும் விரைவாகத்தான் இருக்கும். தேங்கிய ஆறு லட்சத்துக்கு 16 கோரில் நான்கு நாளும் சில மணி நேரமும் ஆகும், 32 கோரில் இரண்டு நாளும் சில மணி நேரமும் ஆகும். ஒரே ஒருமுறை மிச்சமாகும் இரண்டு நாளுக்காக மூன்று மடங்கு விலை கொடுப்பதா? அந்த இரண்டு நாள்கூட மிச்சமாகாது. 9354பி அதிகபட்சம் 3.8 கிகாஹெர்ட்ஸ், 9950எக்ஸ் 5.7 கிகாஹெர்ட்ஸ். பிழைதிருத்துவோர் ஒரு பக்கத்தைச் சுழற்றும்போதோ தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடும்போதோ வேலை பெரும்பாலும் ஒரே கோரில் நடப்பதால், அவர்கள் உணரும் வேகம் அந்த ஒரு கோரின் வேகமே.

இடையில் ஒன்று: டெசராக்டின் ஒவ்வோர் ஓட்டமும் தானாகவே நான்கு இழைகள்வரை (ஒரே நேரத்தில் ஓடும் துணைவேலைகள்) திறந்துகொள்ளும். 16 ஓட்டங்களை ஒரே நேரத்தில் விட்டால் அவை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வேகம் குறையும். இழை எண்ணிக்கையை ஒன்று என்று கட்டிவிட்டு, கோருக்கு ஒரு பக்கமாகக் கொடுங்கள். பழைய கணினியிலேயே வேறுபாடு தெரியும்.

ஈசிசி பற்றி ஒரு கேள்வி சர்வர் அறைக்காரருக்கு. ஸ்கேனர்களோடு இணைந்த மூன்று கணினிகளும் சாதாரண ரேமில்தான் ஓடுகின்றன. பக்கம் அங்கேயே கெட்டுப்போய் வந்தால், சர்வரில் ஈசிசி இருந்து என்ன பயன்?

சர்வர் அறைக்காரர் எழுதியது:

நியாயமான கேள்வி. ஸ்கேனர் கணினியில் ஒரு பக்கம் கெட்டால், பெரிய சேதமாக இருக்கும்பட்சத்தில் அன்றோ மறுநாளோ பிழைதிருத்துபவர் கண்ணில் பட்டுவிடும். பதிவேடு இன்னும் மேசை மேல் இருக்கும். சேமிப்புக் கணினி அப்படியல்ல. அது பழைய கோப்புகளைப் படிக்கிறது, இடம் மாற்றுகிறது, பெரிய வட்டு வாங்கும்போது முழுவதையும் மறுபடி எழுதுகிறது, காப்புப் படி எடுக்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் எல்லாப் பக்கங்களும் அதன் ரேம் வழியாக மீண்டும் மீண்டும் போய் வருகின்றன. இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறை வட்டில் நேரும் பிழையைக் கண்டுபிடிக்கும் என்பது உண்மை. ஆனால் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் முன்பே ரேமில் பிட் புரண்டுவிட்டால், தவறான பக்கத்துக்குச் சரியான முத்திரை குத்தி அது பத்திரமாக வைத்துவிடும்.

கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. டிடிஆர்5 சிப்புக்குள் ஒரு திருத்தும் வசதி இருக்கிறது. அது சிப்புக்குள் நேரும் பிழைக்கு மட்டும். சிப்பிலிருந்து பிராசசர் வரையுள்ள வழியில் நேரும் பிழையை அது காக்காது, திருத்தியதை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. முழுமையான ஈசிசி அட்டையில் அதற்கென்று கூடுதல் சிப்புகள் இருக்கும்.

ரிட்சி தெரு எழுதியது:

நான் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிட்சி தெருவில் கடை வைத்திருப்பவன். இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. 14 கோர் கொண்ட இன்டெல் ஜியான் இ5-2680 வி4, அதற்கேற்ற எக்ஸ்99 மதர்போர்டு, ஈசிசி டிடிஆர்4 ரேம் எல்லாம் சேர்த்து, நீங்கள் சொல்லும் முதல் விலைப்புள்ளியில் சிறு பகுதிக்கே கிடைக்கும். அதுவும் சர்வர் பிராசசர்தான். பலர் வாங்கி நன்றாக ஓட்டுகிறார்கள்.

சர்வர் அறைக்காரர் எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் தெருவில்தான் நான் தொழில் கற்றேன். இருந்தாலும் இதை ஏற்க முடியவில்லை. அந்தப் பிராசசர் 2016இல் வந்தது. பிராசசர் இன்னும் பத்து ஆண்டு உழைக்கலாம். ஆனால் அதற்கு இப்போது வரும் எக்ஸ்99 போர்டுகள் பலவற்றில் சிப்செட் பழைய கணினிகளிலிருந்து கழற்றிப் பொருத்தியது. பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) திருத்தம் யாரிடம் கேட்பது என்பதுகூடத் தெரியாது. ஒரு மாணவர் வீட்டில் கற்றுக்கொள்ள வாங்கினால் மகிழ்ச்சியோடு வாங்கித் தருவேன். கோயில் பதிவேடுகளை அதன்மேல் வைக்கச் சொல்ல மாட்டேன்.

ஒற்றை இழை எழுதியது:

இதில் நானும் அவர் பக்கமே. 24 மணி நேரமும் ஓடும் கணினி சும்மா இருக்கும்போது 100 வாட் கூடுதலாக இழுத்தால், இரண்டு மாத மின் கட்டணத்தில் 144 யூனிட் ஏறும். பெரிய எபிக்குக்கும் இதே கணக்கு பொருந்தும். அதன் டிடிபி (வெளியிடும் வெப்ப அளவு) 280 வாட். மே மாத வெயிலில் மாடி அறையில் அதற்கெனத் தனி ஏசி வேண்டும். 1யூ எனும் தட்டையான சர்வர் பெட்டியில் வாங்கினால் சிறு விசிறிகளின் இரைச்சலில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பிழைதிருத்த முடியாது.

ஈசிசி வேண்டும் என்பதைச் சர்வர் அறைக்காரர் எனக்குப் புரியவைத்துவிட்டார். அதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பெரிய எபிக் எதற்கு? 9950எக்ஸே ஈசிசி ரேமை ஏற்கும்; மதர்போர்டும் ஆதரிக்க வேண்டும் என்பது மட்டுமே ஏஎம்டி விதிக்கும் நிபந்தனை. 48 ஜிபி ஈசிசி அட்டைகள் இரண்டு போட்டால் 96 ஜிபி ஆகிவிடும். நான்கு அட்டை போட வேண்டாம். போட்டால் உத்தரவாதமான ரேம் வேகம் 5600இலிருந்து 3600க்கு இறங்கிவிடும்.

சர்வர் அறைக்காரர் எழுதியது:

அந்த நிபந்தனையில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். போர்டு ஈசிசி அட்டையை ஏற்று இயங்குவது வேறு, பிழையைத் திருத்திப் பதிவில் எழுதுவது வேறு. "ஈசிசி ரேம் போடலாம்" என்று மட்டும் எழுதியிருக்கும் போர்டை நம்பி வாங்காதீர்கள்.

அதே சமயம், என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். இந்த வேலை அளவுக்கு 9354பி தேவையில்லை. அதன் 12 ரேம் வழிகளும், கார்டுகளையும் வட்டுகளையும் இணைக்கும் 128 பிசிஐஇ வழிகளும் பல ஜிபியூக்களை (கிராபிக்ஸ் பிராசசர்களை) அல்லது பல நூறு ஜிபி தரவுத்தளத்தை இயக்குபவருக்கு உயிர்நாடி. உங்களிடம் இருக்கப்போவது ஒரு வட்டுக் கார்டு, ஒரு நெட்வொர்க் கார்டு, இரண்டு என்விஎம்இ (அதிவேக) வட்டுகள் மட்டும். 9950எக்ஸ் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டின் வழிகளே போதும். ஏஎம்டி 2024 மே மாதம் எபிக் 4004 வரிசையை அதே ஏஎம்5 சாக்கெட்டில் வெளியிட்டது. அதிலுள்ள 4564பி, 16 கோர், 5.7 கிகாஹெர்ட்ஸ், 170 வாட் என 9950எக்ஸுக்கு முந்தைய தலைமுறையான ரைசன் 7950எக்ஸின் உடன்பிறப்பே. ஆக, டெஸ்க்டாப்பா சர்வரா என்று நாம் இத்தனை நேரம் வாதிட்டதில் சிலிக்கான் ஒன்றுதான். ஈசிசி சோதித்து உறுதிசெய்யப்பட்டதும், அதற்கேற்ற போர்டு கிடைப்பதும்தான் வேறுபாடு. அந்த வகைப் போர்டில் பிஎம்சி எனும் தொலை நிர்வாகச் சிப்பும் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நான் மதுரையில் இருந்தேன். மின்சாரம் திரும்பிய பிறகு தியாகராய நகரில் ஒரு கணினி வட்டுக் கோளாறால் பயாஸ் திரையிலேயே நின்றுவிட்டது. பிஎம்சி வழியாக அந்தத் திரையை மதுரையிலிருந்து பார்த்துச் சரிசெய்தேன். இது இல்லாமல் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஒற்றை இழை எழுதியது:

ஈசிசி உறுதி பெற்ற போர்டு வரை சம்மதம். பிஎம்சியில் சம்மதம் இல்லை. அத்தகைய போர்டு பழுதானால் மாற்று வந்துசேர வாரங்கள் ஆகலாம். சாதாரண ஏஎம்5 போர்டு என்றால் மறுநாள் காலை ரிட்சி தெருவில் வாங்கி, அதே பிராசசரையும் ரேமையும் மாற்றிப் பொருத்தி மாலைக்குள் வேலையைத் தொடங்கலாம். ஒன்பது பேர் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் எனக்கு இதுவே பெரிது.

மயிலைச்சுவடி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கிறேன். படியேறினால் திரை கண்முன் இருக்கும், ஆகவே பிஎம்சியை விட்டுவிடுகிறேன். 10 கிகாபிட் சுவிட்சும் கார்டுகளும் நேற்றே சொல்லியாயிற்று. இழை எண்ணிக்கையை ஒன்றாக்கியதில் நேற்றைய இரவு வேலை விடிவதற்கு வெகுமுன்பே முடிந்துவிட்டது. 9950எக்ஸ், 48 ஜிபி ஈசிசி அட்டைகள் இரண்டு, ஈசிசி பிழைகளைப் பதிவு செய்வதாகத் தன் கையேட்டில் தெளிவாக எழுதியுள்ள போர்டு ஆகியவற்றுக்கு மறுவிலைப்புள்ளி கேட்டிருக்கிறேன்.

சர்வர் அறைக்காரர் எழுதியது:

பிஎம்சி பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் வீடும் அலுவலகமும் ஒன்றாயிருப்பதால் வற்புறுத்தவில்லை. கணினி வந்ததும் கோப்புகளை ஏற்றாமல் இரண்டு இரவு மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். பிறகு லினக்ஸ் தொடங்கும்போது வரும் பதிவில் ஈடிஏசி (ரேம் பிழையைக் கண்டறிந்து பதியும் பகுதி) என்ற சொல் உள்ள வரிகளைப் படியெடுத்து இங்கே போடுங்கள். ஈசிசி உண்மையில் வேலை செய்கிறதா என்று அந்த வரிகளைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பழைய கணினியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.