பார்பியை அப்பத்தாவாக மாற்றுவது எப்படி? பாதம், காது, தோல் நிறம் மூன்றிலும் உதவி தேவை

கரித்துண்டு:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் நுண்கலை முதலாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பொம்மை வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

முதலாண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பானையும் துணியும் வைத்துப் பென்சில் வேலை, போஸ்டர் கலரில் நிறச் சக்கரம், களிமண்ணில் ஒரு தலை, கட்டுக்கம்பியில் ஒரு விலங்கு. (நான் ஆடு செய்தேன். நாய் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பரவாயில்லை, எங்கள் ஊர் ஆடு அப்படித்தான் இருக்கும்.) மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்து வரையச் சொன்னபோது, எல்லாரும் முன்பக்கம் உட்கார்ந்தார்கள், நான் பின்பக்கம் போய் அந்த நாலு பேரின் முதுகை மட்டும் வரைந்தேன். இதுவரை செய்ததில் அதுதான் எனக்குத் திருப்தியான வேலை.

இப்போது பருவ இறுதிக்கு 'மனித உருவம்' என்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பொருள் நம் விருப்பம், ஒரு அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். சித்தி மகள் விளையாடி முடித்துத் தூக்கிப் போட்ட பார்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை என் அப்பத்தாவாக மாற்றப் போகிறேன்.

அப்பத்தா ரவிக்கை போடாது. பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கிச் சேலை கட்டும். காது தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும், அதில் தண்டட்டி. முன்கையில் பச்சை குத்தியிருக்கும், தேள் மாதிரி ஒன்றும் கோலம் மாதிரி ஒன்றும். தலை முழுக்க வெள்ளை, கோடாலிக் கொண்டை. கடைசிவரை செருப்பே போடாத கால், குதிகால் முழுக்க வெடிப்பு.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். பார்பியின் பாதம் ஹை ஹீல்ஸுக்காகவே நுனிக்காலில் நிற்கிறது. அப்பத்தாவை நுனிக்காலில் நிறுத்தினால் அது எழுந்து வந்து என்னை அடிக்கும். காது என்று பார்த்தால் அரிசி அளவில் ஒரு புடைப்புதான் இருக்கிறது, தண்டட்டியை எதில் மாட்டுவது? தோல் நிறத்தை உடம்பு முழுக்க அக்ரிலிக் அடித்து மாற்றினால் உரிந்து வருமா? முகத்தில் உள்ள கம்பெனி மேக்கப்பை அழிக்க நெயில் பாலிஷ் ரிமூவர் போதும் என்கிறார்கள், நிஜமா? பெரிய செலவு முடியாது. ஹாஸ்டலில் இருக்கிறேன், ஸ்ப்ரே அடிக்க மொட்டை மாடி மட்டும்தான் இருக்கிறது.

வகுப்பில் ரெண்டு பேர் "பொம்மை வைத்து விளையாடப் போறியா" என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் வேண்டாம், பாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

---

பிசின் டப்பா:

அருமையான யோசனை தங்கச்சி. பத்து வருஷமாகப் பழைய பொம்மைகளைப் பிரித்து மேய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அளவு. பார்பி சுமார் 29 செ.மீ. உயரம், ஆறில் ஒரு பங்கு அளவு என்று சொல்வார்கள். ஆறால் பெருக்கிப் பார், 174 செ.மீ. வருகிறது. உன் அப்பத்தா அஞ்சடிக்கு மேல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அஞ்சடி என்றால் பொம்மை 25 செ.மீ.தான் இருக்க வேண்டும். அதனால் உனக்கு ஒரே வெட்டில் ரெண்டு வேலை முடிகிறது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, கெண்டைக்காலிலேயே அறுத்துவிடு. உயரமும் குறையும், அந்த நுனிக்கால் பாதமும் ஒழியும். அறுத்த இடத்தில் சூடான ஊசியால் துளை போட்டுக் கம்பி சொருகி, கம்பியைச் சுற்றிப் புதுப் பாதம் செய். பொருளுக்கு அலைய வேண்டாம். ஹார்டுவேர் கடை எம்-சீல் போதும், இல்லையென்றால் ஃபெவிக்ரில் மோல்டிட். ரெண்டும் இரண்டு பகுதியைப் பிசைந்து சேர்க்கிற எபாக்ஸி வகைதான். மோல்டிட் மெதுவாக இறுகும், விரல், நகம் என்று நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள். கையுறை கட்டாயம், காயாத எபாக்ஸி சிலருக்குத் தோலில் அலர்ஜி கொடுக்கும். குதிகால் வெடிப்பை, பாதி இறுகியதும் பிளேடு நுனியால் கீறு. முழுக்க இறுகவிட்டால் கீறல் சில்லு சில்லாகத்தான் வரும்.

2015க்குப் பிறகு வந்த சில மாடல்களில் கணுக்கால் மடங்கும், தட்டைச் செருப்புகூடப் போடலாம். உன்னிடம் இருப்பது அது இல்லை என்று தெரிகிறது.

நெயில் பாலிஷ் ரிமூவர்: தலைக்கு மட்டும். தலை மிருதுவான வினைல் பிளாஸ்டிக், ரிமூவரில் உள்ள அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கண்ணும் உதடும் போய்விடும். ஊறப் போடாதே. துடைத்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடு. மார்பும் முதுகும் கடினப் பிளாஸ்டிக், அதில் பட்டால் உருகிப் பிசுபிசுக்கும். எனவே தலையைக் கழற்றிவிட்டுச் செய். வெந்நீரில் ரெண்டு நிமிஷம் வைத்தால் வினைல் இளகும், மெதுவாகத் திருகி இழு. கழுத்துக் குமிழ் உடையாமல் பார்த்துக்கொள்.

தோல் நிறம். விளையாட்டுப் பொம்மை என்றால் "அடிக்காதே, பழுப்பு நிறத்திலேயே வேறு பொம்மை வாங்கு" என்பேன். கையைக் காலை ஆட்டினால் மூட்டில் பெயிண்ட் உரியத்தான் செய்யும். ஆனால் உன்னுடையது நிற்கப் போகிற பொம்மை. ஆகவே வரிசையை மாற்று: முதலில் நிற்கும் நிலையை முடிவு செய், மூட்டுகளைப் பசை போட்டு நிரந்தரமாக்கு, அதன் பிறகு நிறம். கையை மடக்க வேண்டுமென்றால் வெந்நீரில் இளக்கி வளைத்து அப்படியே குளிர்ந்த நீரில் பிடி. அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்துப் பல பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சு அடித்தால் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்த மாதிரி ஆகிவிடும்.

காது: சன்னக் கம்பியை வளையமாக்கித் தலைக்குள் குத்தி இறக்கு, அதன் மேல் மோல்டிட்டை மெல்லிய சவ்வு மாதிரி சுற்று. நீண்ட காது என்பது தொங்குகிற வளையம்தானே, கம்பி இல்லாமல் நிற்காது. தலை அமுக்கினால் குழிகிற வினைல் என்பதால் மேலே ஒட்டியது வெடித்து விழும். முதலில் தலைக்குள் பஞ்சும் மோல்டிட்டும் அடைத்துக் கெட்டியாக்கிக்கொள்.

கடைசியாக, நிறத்தின் மேல் காப்புப் பூச்சாக அடிக்கிற ஸ்ப்ரே. வெளிநாட்டு வீடியோக்களில் மிஸ்டர் சூப்பர் கிளியர் என்று ஒரு ஜப்பான் டப்பா காட்டுவார்கள். வேலைக்கு நல்லது, விலைக்கு ஆகாது. ஹார்டுவேர் கடை வார்னிஷ் ஸ்ப்ரே பக்கமே போகாதே, பல ஸ்ப்ரேக்கள் வினைலில் காயாமல் மாசக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதோடு சென்னை ஈரக் காற்றில் ஸ்ப்ரே வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதுதான் காரணம். மழை மாசத்தில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரைகிற மேட் (பளபளக்காத) வார்னிஷைத் தூரிகையால் பூசு, போதும். யாராவது ஸ்ப்ரே கொடுத்தால், துணி மாஸ்க்கோ என்95ஓ அந்த ஆவியைத் தடுக்காது என்பதை நினைவில் வை.

---

தட்டுமுட்டு:

ஒரு சந்தேகம். பாதத்தை வெட்டி, காதை ஒட்டி, தலையை அடைத்து, நிறத்தை மாற்றி, முடியைப் பிடுங்கி... அதற்குப் பிறகு அதில் பார்பி எங்கே இருக்கிறது? களிமண்ணிலேயே அப்பத்தாவைச் செய்துவிடலாமே. சுட்டால் டெரகோட்டா, செலவும் இல்லை. இது சுற்றி மூக்கைத் தொடுவதாகத் தெரிகிறது.

---

கரித்துண்டு:

@பிசின் டப்பா அண்ணா, கோடி நன்றி. கெண்டைக்காலில் அறுக்கிற யோசனை எனக்கு வரவே இல்லை. சேலைக்குள் ஒளிந்துகொள்ளும் வேறு.

@தட்டுமுட்டு: களிமண் தலை ஏற்கெனவே செய்தாயிற்று, அதுவும் அப்பத்தாதான். நன்றாக வந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் "கிராமத்துப் பாட்டி" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த மாதிரிச் சிலைகளைக் கைவினைக் கண்காட்சிகளில் நிறையப் பார்த்திருக்கிறோம் இல்லையா.

பார்பி முதலில் வெளிவந்தது 1959 மார்ச்சில், நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில். உழைப்பாளர் சிலை வைத்ததும் அதே 1959 ஜனவரியில். இதைப் படித்ததிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்பத்தாவுக்கு அப்போது கல்யாண வயசு, களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சிலையில் இருக்கிற நாலு பேரும் ஆண்கள். அந்தப் பக்கம் பார்பி நீச்சலுடையில் நிற்கிறது. அப்பத்தா ரெண்டிலும் இல்லை. அதனால்தான் இந்த உடம்பையே எடுத்து மாற்ற ஆசை. முழுக்க மறைக்கவும் மாட்டேன். இடுப்பை அப்படியே விடப் போகிறேன், அந்தக் கண்டாங்கிக்குள் பார்பி இடுப்பு தெரியட்டும். ஒரு முழங்கைக்கு மேல் பழைய வெளிர் நிறத்தையும் கொஞ்சம் விடலாமா என்று யோசனை.

---

தட்டுமுட்டு:

சரி, இப்போது புரிகிறது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் பாதி நிறம் விடுகிற வேலை வேண்டாம், அது பார்க்கிறவனுக்கு விளக்கவுரை கொடுப்பது. இடுப்பு ஒன்றே சொல்லிவிடும்.

---

கொலுப்படி:

சேலையைப் பற்றி யாருமே பேசவில்லையே! நான் அந்த வேலைக்காரி. வருஷா வருஷம் நவராத்திரிக்கு மரப்பாச்சி ஜோடிக்குப் புதுத் துணி கட்டுவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. பொம்மைக்கு வேஷம் மாற்றுவது இன்றைக்கு இணையத்தில் பிறந்த கலை மாதிரி பேசுகிறார்கள். கல்யாணச் சீரில் வந்த செம்மரத்துப் பாச்சிக்கு ஜரிகைத் துண்டும் காசுமாலையும் போட்டு நாங்கள் செய்வது வேறென்ன?

மா, பின்கொசுவத்துக்கு அந்தக் காலத்தில் 16 முழச் சேலை கட்டினார்கள். முழம் ஒன்றரை அடி என்றால் 24 அடி. ஆறில் ஒன்று நாலு அடி. நீளம் அவ்வளவு வெட்டு, அகலம் எட்டு அங்குலம் போதும். ஆனால் நீளத்தைச் சுருக்கலாம், துணியின் தடிமனைச் சுருக்க முடியாது. நிஜக் கண்டாங்கியை வெட்டிக் கட்டினால் இடுப்பில் தலையணை கட்டின மாதிரி நிற்கும். அதிலுள்ள கட்டமும் பொம்மைக்கு ஜன்னல் அளவு தெரியும். பழைய மல் வேட்டி கிடைத்தால் எடு, துவைத்துத் துவைத்து நைந்தது. அரக்குச் சிவப்பிலோ கடுகு மஞ்சளிலோ சாயம் ஏற்று. கட்டத்தையும் கரையையும் துணி மையில் அளவுகோல் வைத்து நீயே வரை. நாலு அடிக்கும் வரைய வேண்டாம், வெளியே தெரிகிற பகுதிக்கு மட்டும் போதும்.

கட்டும் முறைதான் முக்கியம். வடித்த கஞ்சியைத் தெளிவாக எடுத்துத் துணியை நனைத்து, ஈரமாக இருக்கும்போதே கட்டு. கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக விரலால் நீவிக் குண்டூசி குத்து, பின்னால் விசிறி மாதிரி விரியட்டும். முந்தியை இடுப்பில் சொருகுகிற இடத்தில் மட்டும் ரெண்டு தையல். காய்ந்ததும் குண்டூசியை எடு. கஞ்சி வைத்ததைக் கரப்பான் தின்னும், ஹாஸ்டல் என்பதால் சொல்கிறேன், டப்பாவில் மூடி வை.

ரவிக்கை இல்லாததால் தோள்பட்டை முழுக்கத் தெரியும். பார்பியின் கை சேரும் இடத்தில் உள்ள கோடும் தெரியும். அதையும் அந்த மோல்டிட்டால் நிரப்பச் சொல்லுங்கள் பிசின் டப்பா.

---

பிசின் டப்பா:

ஆமாம் அக்கா, நிரப்பித்தான் ஆக வேண்டும், நான் விட்டுவிட்டேன். நிரப்பியதை ஈர உப்புத்தாளால் தேய்க்கவும், தூசி பறக்காது.

---

விளாச்சேரி மாப்பிள்ளை:

மதுரை விளாச்சேரியில் பெண் எடுத்தவன். மாமனார் வீடு கொலுப் பொம்மை வண்ணம் தீட்டும் வீடு. நான் வங்கியில் வேலை, ஆனால் சீசனில் உட்கார வைத்துவிடுவார்கள்.

முகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. எல்லாரும் கிழவிக்குச் சுருக்கம் வரைகிறேன் என்று கறுப்புக் கோடாக இழுத்துவிடுவார்கள், பொம்மை கோபக்காரியாகிவிடும். சுருக்கம் கோடு இல்லை, பள்ளம். தோல் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பை உலர்ந்த தூரிகையில் தொட்டுப் பள்ளத்தில் தேய்த்துவிட்டு, மேட்டில் துணியால் துடைத்துவிட வேண்டும். மேட் வார்னிஷ் பூசிய பரப்பில் சாஃப்ட் பாஸ்டல் பொடியும் நன்றாகப் பிடிக்கும். ஆயில் பாஸ்டல் காயவே காயாது, அதைத் தொடாதீர்கள்.

கண்ணை எங்கள் வீட்டில் கடைசியில்தான் எழுதுவார்கள், சேலை, நகை எல்லாம் முடிந்த பிறகு. பார்பி கண் பெரிய கண், அந்த அச்சுக் குழியை அப்படியே பின்பற்றாதீர்கள். மேல் இமையை மோல்டிட்டில் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். கருவிழியைச் சுற்றி வெளிர் சாம்பல் வளையம் ஒன்று, வயசானவர்கள் கண்ணில் இருக்குமே, அது. வெள்ளைப் புள்ளி வைக்கும் ஆசையை அடக்குங்கள், பளபளப்பு வேண்டுமென்றால் கண்ணில் மட்டும் ஒரு துளி கிளாஸ் வார்னிஷ்.

முடிக்கு நைலான் வேண்டாம், மினுக்கும். வெள்ளைக் கம்பளி நூலைப் பிரித்துச் சீவி, நெற்றியோரம் ஒரு வரிசை மட்டும் ஊசியால் குத்துங்கள். மற்றதைப் பின்னால் இழுத்துக் கொண்டை போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சோனியா சிங் என்பவர் 2015இல் பழைய பிராட்ஸ் பொம்மைகளின் மேக்கப்பைத் துடைத்துச் சாதாரணப் பிள்ளைகளாக மாற்றியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவருடைய அம்மாதான் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தார். "பொம்மை விளையாட்டா" என்று கேட்டவர்களுக்கு அதைக் காட்டுங்கள்.

---

கரித்துண்டு:

காட்ட மாட்டேன் அண்ணா, அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். :)

பாதி வெளிர் நிற யோசனையை விட்டுவிட்டேன். காலை இன்று மதியம் அறுத்தேன், ஹாக்ஸா பிளேடு வெண்ணெய் மாதிரி இறங்கியது. மோல்டிட்டில் இடது பாதம் முடிந்துவிட்டது, பெருவிரல் கொஞ்சம் பெரிசு. அப்பத்தாவுக்கும் அப்படித்தான்.

இன்னொரு கேள்வி: பச்சை குத்தியதற்கு எதை வைத்து வரைவது? கறுப்புப் பேனா ரொம்பக் கறுப்பாக இருக்கிறது. அப்பத்தா கையில் அது பச்சையும் நீலமும் கலந்து ஓரம் மங்கி இருக்கும்.

---

விளாச்சேரி மாப்பிள்ளை:

வாட்டர்கலர் பென்சில், அடர் பச்சையும் நீலமும். கூராகச் சீவி வரைந்துவிட்டு, ஈரத் தூரிகை நுனியால் ஒருமுறை மட்டும் தொடுங்கள், ஓரம் கசியும். அதன் மேல் தோல் நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. பென்சில் கோடு கரையாமல் இருக்க, நடுவில் வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டு அந்தப் பூச்சைக் கொடுங்கள்.