ஜூன் மாசம் மார்க்கெட் வறண்டு கிடக்கு, ஃப்ரீ பெட்டை இப்பவே போடலாமா?

புதுவரவு:
யூகேல இருக்கேன், மேட்ச்ட் பெட்டிங்குக்குப் புதுசு. அதாவது, பந்தயக் கம்பெனி (புக்கி) தர்ற இலவச பெட்டை அங்க போட்டு, எக்ஸ்சேஞ்சுல அதுக்கு எதிர் பெட்டும் போட்டு, எது ஜெயிச்சாலும் பணம் நிக்கற மாதிரி பண்றது. பிரீமியர் லீக் மே மாசத்தோட முடிஞ்சிருச்சு, இனி ஆகஸ்ட்தான். உலகக் கோப்பை, யூரோ எதுவும் இல்லாத வருஷம் வேற. கையில ரெண்டு ஆஃபர். ஒரு புக்கியோட 10 பவுண்டு ஃப்ரீ பெட் (ஜெயிச்சா லாபம் மட்டும் வரும், அந்த 10 வராது), ஞாயித்துக்கிழமையோட காலாவதி. இன்னொண்ணு வேற புக்கியோட வெல்கம் ஆஃபர்: 10 பவுண்டுக்குப் போட்டா 30 பவுண்டு ஃப்ரீ பெட். அங்க அக்கவுண்டு இன்னும் திறக்கல. நான் பார்த்த ஒரு சின்ன லீக் மேட்சுல பேக் (புக்கிகிட்ட ஜெயிக்கும்னு போடற விலை) 5.0, ஆளுக்கு ஆள் பெட் போட்டுக்கற எக்ஸ்சேஞ்சுல லே (ஜெயிக்காதுன்னு போடற விலை) 6.0. அந்த விலைக்கும் எதிர்ல 4 பவுண்டுதான் கிடக்கு. காத்திருக்கவா, போட்டுரவா?

லேக்காரன்:
தம்பி, ரெண்டையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க.

காலாவதி ஆகப்போற 10 பவுண்டு, ஞாயிறு தாண்டினா பூஜ்யம். எக்ஸ்சேஞ்ச் கமிஷன் 2%னு வச்சுக்கங்க. 5.0க்கு 5.2ல லே கிடைச்சா எது ஜெயிச்சாலும் கையில நிக்கறது 7.57 பவுண்டு. உங்க 6.0ல போட்டாலும் 6.56. மார்க்கெட் மோசம்னு நாம புலம்பறது இந்த ஒரு பவுண்டுக்குத்தான்! அதனால போட்டுருங்க. ஆனா அந்த மேட்சுல இப்ப வேண்டாம். உங்களுக்கு 6.69 பவுண்டு லே வேணும், கிடக்கறது 4. மிச்சத்துக்கு எதிர் ஆள் கிடைக்காம தொங்கினா அது மேட்ச்ட் பெட்டிங் இல்ல, சூதாட்டம். பிரெஞ்ச் ஓப்பன் டென்னிஸ் ஓடிட்டிருக்கு, அதுல பெரிய கோர்ட் மேட்ச் ஒண்ணு எடுங்க. தோக்கும்னு எல்லாரும் நினைக்கற ஆள் 5.0 பக்கத்துல இருப்பார். மேட்ச் தொடங்க நெருங்க நெருங்க எக்ஸ்சேஞ்சுல பணம் கொட்டும், பேக்குக்கும் லேக்கும் இடைவெளி சுருங்கும்.

வெல்கம் ஆஃபர் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். அக்கவுண்டு திறக்காத வரை அதுக்குக் கடிகாரமே ஓடாது. குவாலிஃபையிங் பெட்டை (30 பவுண்டு வாங்க முதல்ல போடற அந்த 10 பவுண்டு) 2.0 பேக், 2.04 லேல முடிச்சா 30 பென்ஸ் நஷ்டம், 2.2 லேன்னா ஒரு பவுண்டு. 30 பவுண்டு ஃப்ரீ பெட்டுல 5.2க்கும் 6.0க்கும் நடுவுல இன்னொரு 3 பவுண்டு. மொத்தத்துல மூணே முக்கால் பவுண்டு வித்தியாசம். காத்திருக்கலாம், ஆனா ஆகஸ்ட் வரைக்கும் இழுக்காதீங்க. புக்கி நாளைக்கே 30ஐ 20 ஆக்கினா யாரைப் போய்க் கேப்பீங்க? மாச நடுவுல ராயல் அஸ்காட் குதிரைப் பந்தயம், கடைசியில விம்பிள்டன். அந்த ரெண்டுல ஒண்ணுல முடிச்சிருங்க.

வாராவாரம் வர்ற சின்ன ரீலோட் ஆஃபர் (ஏற்கெனவே அக்கவுண்டு இருக்கறவங்களுக்குத் தர்றது) மட்டும் நஷ்டம் அதிகம்னா யோசிக்காம விட்டுருங்க. அடுத்த வாரம் தானா வரும்.

குதிரைப்பிரியர்:
டென்னிஸ்ல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆட்டக்காரர் காயம்னு பாதியில விலகினா, சில புக்கிங்க ஒரு செட் முடிஞ்சிருந்தாலே பெட் செல்லும்பாங்க, சிலர் மேட்ச் முழுசா முடியலன்னா வாய்டு பண்ணிருவாங்க, அதாவது பெட் செல்லாதும்பாங்க. உங்க புக்கி விதியும் எக்ஸ்சேஞ்ச் விதியும் ஒண்ணாங்கறதைப் பார்த்துட்டுப் போடுங்க. அஸ்காட்ல காலையிலயே போடாதீங்க. ஒரு குதிரை விலகினா ஜெயிச்ச லாபத்துல புக்கி ரூல் 4ங்கற விதிப்படி ஒரு அளவு பிடிப்பான், எக்ஸ்சேஞ்ச் தன் கணக்குல வேற அளவு குறைக்கும். ரேஸுக்கு முந்தின சில நிமிஷத்துலதான் அங்க நிஜப் பணம் இறங்கும்.

புதுவரவு:
நன்றிண்ணே. 30 பவுண்டு ஃப்ரீ பெட்டை மொத்தமா 5.0ல போட்டா எக்ஸ்சேஞ்சுல எவ்வளவு வச்சிருக்கணும்?

லேக்காரன்:
5.2 லேன்னா லயபிலிட்டி (லே தோத்தா நீங்க கொடுக்க வேண்டிய பணம்) மட்டும் 97 பவுண்டுக்கு மேல. அவ்வளவு இல்லன்னா 3.0 பக்கம் போங்க. மிஞ்சறது குறையும், ஆனா முடங்கற பணம் பாதிக்கும் கீழதான். புக்கி அனுமதிச்சா மூணு பத்தா பிரிச்சுப் போடுங்க, ஒண்ணு செட்டில் ஆனதும் அடுத்தது. வாடகைப் பணத்தை மட்டும் அதுல வைக்காதீங்க.