பழைய மாருதி 800-க்கு எந்த கிரேடு ஆயில் ஊற்றலாம்?

வணக்கம். அப்பா ஓட்டிய 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இப்போது என் கையில். 1,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் விளக்கு லேசாக மினுக்குகிறது. ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடும். ஆயில் அளவு சரியாகத்தான் இருக்கிறது, புகையும் இல்லை.

இதுவரை 10டபிள்யூ-30 ஊற்றினேன். மெக்கானிக் அண்ணன் 20டபிள்யூ-50க்கு மாறச் சொல்கிறார். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு, நம்ம ஊரில் அதற்குப் பெரிய வேலை இல்லை. பின்னால் இருக்கும் எண் சூடான இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கு, அந்த 50தான் யோசிக்க வைக்கிறது. 15டபிள்யூ-40 போதாதா? அல்லது ஆயிலை விட்டுவிட்டு, முதலில் கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கவா? அந்த விளக்கை எரிய வைக்கும் பிரஷர் சுவிட்ச் கோளாறாகவும் இருக்கலாமே. இதே வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.