காதல் தோல்வி இல்லாத தனிமைப் பாட்டு வேண்டும்

நண்பர்களே, தமிழ்ப் பாட்டுகளில் தனிமை எப்படி வருகிறது என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதுகிறேன். பாடல்கள் தேட உங்கள் உதவி தேவை.

நினைத்ததைவிட கஷ்டமாக இருக்கிறது. ‘தனிமையிலே இனிமை காண முடியுமா’ (ஆடிப்பெருக்கு, 1962) முதல் வரியிலேயே தனிமை என்கிறது, ஆனால் அது காதலர்களின் ஜோடிப் பாட்டு! அதைவிட ‘மாலைப் பொழுதின் மயக்கத்திலே’ (பாக்கியலட்சுமி, 1961) எனக்கு நெருக்கம். இளம் விதவை ஒருத்தி தன் கனவைத் தோழியிடம் சொல்கிறாள். தனிமை என்று புலம்பாமலே கண்ணதாசன் அவள் நிலையைப் புரிய வைத்துவிடுகிறார். ‘பூங்காற்று திரும்புமா’ (முதல் மரியாதை, 1985) இன்னொரு வகை. வீடு, மனைவி, ஊர் மரியாதை எல்லாம் இருந்தும் தனியாகிப்போன ஒரு பெரியவரின் பாட்டு. ஆனால் அவருக்கும் பதில் சொல்ல ஒரு பெண்குரல் வந்துவிடுகிறது. நம் பாட்டுகளில் தனியாக இருப்பவருக்குத் தோழியோ, நிலாவோ, காற்றோ யாராவது துணைக்கு வந்துவிடுகிறார்கள்.

யாருமே பதில் பேசாத பாட்டு இருக்கிறதா? முக்கியமாக வயதான பெண்கள், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள், நகரத்தில் அறை எடுத்துத் தங்குபவர்கள் பாடுவதாக வரும் பாட்டுகள். சினிமாதான் என்றில்லை, இலங்கைப் பொப்பிசை, தனி ஆல்பம், நாட்டுப்புறப் பாட்டு எதுவும் சரி. சோகப் பாட்டுத் தொகுப்பு லிங்க் மட்டும் வேண்டாம், அவை முழுக்கக் காதல் தோல்விதான். எழுதியவர் பெயரும், எந்த வரிக்காகச் சொல்கிறீர்கள் என்பதும் சேர்த்துப் போட்டால் பெரிய உதவி.