எல்லோருக்கும் அடிப்படை வருமானம்: வசதி உள்ளவருக்கும் ஏன்? கணக்கு எப்படி?

கேட்டவர்: வெண்கதிர்

அரசு நிபந்தனை இல்லாமல் எல்லோருக்கும் தவறாமல் கொடுக்கும் பணமான அடிப்படை வருமானம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு கேள்வியில் வந்து முட்டுகிறது. நன்றாகச் சம்பாதிப்பவருக்கும் எதற்குப் பணம்? இல்லாதவருக்கு மட்டும் கொடுத்தால் செலவு கால்வாசியில் முடியுமே? அடுத்தது, சும்மா காசு வந்தால் யார் வேலைக்குப் போவார்கள்? பின்லாந்துச் சோதனை தோற்றது என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்கிறது, வென்றது என்று இன்னொரு தரப்பு. முழக்கம் வேண்டாம், கணக்கோடு யாராவது விளக்குங்களேன்.

பதில் 1: ஐந்தொகை

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பத்தே பேர் உள்ள நாடு என்று வையுங்கள். நான்கு பேருக்கு மாதம் 2,000, நான்கு பேருக்கு 5,000, இரண்டு பேருக்கு 11,000. மொத்த வருமானம் 50,000. தலைக்கு 1,000 கொடுத்தால் செலவு 10,000. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு! செய்தித் தலைப்புக்கு வரும் பயங்கர எண் இதுதான்.

இதை எல்லோருக்கும் ஒரே 20 சதவீத வரி போட்டுத் திரட்டுங்கள். 2,000 சம்பாதிப்பவர் 400 கட்டி 1,000 வாங்குகிறார், மிச்சம் 600. 5,000 சம்பாதிப்பவர் 1,000 கட்டி 1,000 வாங்குகிறார், வரவும் செலவும் நேர். 11,000 சம்பாதிப்பவர் 2,200 கட்டுகிறார், 1,200 கைவிட்டுப் போகிறது. ஆக, உண்மையில் கை மாறியது 2,400 மட்டுமே. மீதி 7,600 ஒரே ஆளின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன காசு. வசதி உள்ளவருக்குக் கொடுப்பது வீண் என்பவர்கள் வரவைப் பார்க்கிறார்கள், வரியைப் பார்ப்பதில்லை.

'இல்லாதவருக்கு மட்டும்' திட்டத்தையும் இதே நாட்டில் போட்டுப் பார்க்கலாம். வருமானமே இல்லாதவருக்கு 1,000 என்று தொடங்கி, வருமானம் 2,500ஐத் தொட்டதும் உதவி பூஜ்யமாக வேண்டுமானால், சம்பாதிக்கும் ஒவ்வொரு 100க்கும் 40 குறைக்க வேண்டும். 2,000 சம்பாதிப்பவருக்கு 200தான் கிடைக்கும். மொத்தச் செலவு 800. மலிவுதான். ஆனால் கீழே இருக்கும் நான்கு பேர் கூடுதலாகச் சம்பாதிக்கும் 100ல் 40 பறிபோகிறது. பெயர் என்னவாக இருந்தாலும் அது ஏழையின் மேல் போட்ட 40 சதவீத வரி. படிப்படியாகக் குறைக்காமல் 2,500 என்று கோடு கிழித்து முழு 1,000ஐயும் நிறுத்தினால் இன்னும் மோசம். 2,400 சம்பாதித்தவர் கையில் 3,400 இருந்தது. சம்பளம் 200 ஏறியதும் 2,600 ஆகிவிடும். ஊதிய உயர்வை வேண்டாம் என்று சொல்வதே அவருக்கு லாபம்.

1962இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த எதிர்மறை வருமான வரியும் (வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் வரி வாங்காமல் அரசே பணம் தருவது) மேலே சொன்ன 20 சதவீதக் கணக்கும் முடிவில் ஒரே எண்ணைத்தான் தரும். அதில் கொடுப்பதற்கு முன்பே வருமானம் தெரிய வேண்டும். இதில் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வரியில் பிடிக்கிறோம். கூலி வாரத்துக்கு வாரம் மாறுபவர்களுக்கு இந்த வரிசை மிக முக்கியம்.

பதில் 2: தரவுப்பித்தன்

வேலை விஷயம். பின்லாந்தில் 2017, 2018 இரண்டு ஆண்டுகள், 25 முதல் 58 வயது வரை உள்ள வேலையில்லாதோர் 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ. வேலை கிடைத்தாலும் நிறுத்தவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர்கள், திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ 6 நாள் கூடுதலாக வேலை செய்திருந்தார்கள். மனநிலையும் அரசின் மேல் நம்பிக்கையும் மேம்பட்டதாகச் சொன்னார்கள். இதை வெற்றி என்றும் தோல்வி என்றும் படிக்க முடிவதற்குக் காரணம் உண்டு. 2018இல் வேலையில்லாதோருக்கான விதிகளையே அரசு இறுக்கியது. அதனால் அந்த 6 நாளில் எவ்வளவு இந்தப் பணத்தால் வந்தது என்று பிரிக்க முடியவில்லை. தவிர, வேலையில்லாதவர்களுக்கு மட்டும் கொடுத்தது எப்படி 'எல்லோருக்குமான' வருமானச் சோதனை ஆகும்?

ஆதரவாளர்கள் பேசாமல் கடந்துவிடும் ஆய்வு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. குறைந்த வருமானம் உள்ள 1,000 பேருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 1,000 டாலர், ஒப்பீட்டுக் குழுவுக்கு 50 டாலர். 2024இல் வெளியான முடிவின்படி, பெற்றவர்களின் வேலை நேரம் வாரத்துக்குச் சுமார் 1.3 மணி நேரம் குறைந்தது. வேலை செய்வோர் விகிதமும் சுமார் 2 சதவீதப் புள்ளி இறங்கியது. சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற கூச்சலுக்கு இது மிகச் சிறிய எண். 'ஒன்றுமே ஆகாது' என்பவர்களுக்கோ இது பூஜ்யம் அல்ல.

அலாஸ்கா 1982 முதல் எண்ணெய் வருவாயில் அமைந்த நிதியிலிருந்து எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பங்கு தருகிறது. மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதி நேர வேலை கூடியது. ஆனால் தொகை 2020இல் 992 டாலர், 2022இல் 3,284 டாலர். இப்படி ஏறி இறங்குவதை நம்பி யார் வேலையை விடுவார்கள்?

எல்லா முன்னோட்டத்துக்கும் பொதுவான குறை: பணத்தை மட்டும் சோதிக்கிறார்கள், அதற்கான வரியைச் சோதிப்பதில்லை. ஐந்தொகையின் 11,000காரர் எந்தச் சோதனையிலும் இல்லை.

பதில் 3: வெண்கதிர்

நன்றி இருவருக்கும். இப்போதுதான் வரவு-வரி விஷயம் பிடிபடுகிறது. ஆனால் எல்லார் கையிலும் 1,000 கூடினால் கடைக்காரரும் வீட்டுக்காரரும் சும்மா இருப்பார்களா? விலை ஏறாதா?

பதில் 4: உமணன்

பணம் எங்கிருந்து வருகிறது, சரக்கு வந்து சேர முடியுமா என்ற இரண்டையும் பாருங்கள். வரியில் திரட்டினால் ஒருவர் செலவு குறைந்து இன்னொருவர் செலவு கூடுகிறது, மொத்தத் தேவை பெரிதாக மாறாது. நோட்டு அச்சடித்தால் கதை வேறு.

கென்யக் கிராமங்களில் 10,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 1,000 டாலர் வீதம் கொடுத்துப் பார்த்ததில் விலை உயர்வு சராசரியாக 0.1 சதவீதம்தான். முழுதாக ஓடாமல் கிடந்த கடைகளும் சிறு தொழில்களும் கூடுதலாக ஓடின. பிலிப்பைன்ஸில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. ஒதுக்குப்புறக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு நிபந்தனையுடன் கூடிய உதவிப் பணம் வந்தபோது முட்டை, மீன் போன்ற சீக்கிரம் கெடும் பொருள்களின் விலை ஏறியது. வெளியிலிருந்து சரக்கு வரவில்லை. பணம் கிடைக்காத வீட்டுக் குழந்தைகளின் உயரம் அடிபட்டது.

வாடகை இந்த இரண்டாவது வகை. புது வீடு கட்ட இடமோ அனுமதியோ இல்லாத நகரத்தில் கணிசமான பங்கு வீட்டுக்காரருக்கே போய்ச் சேரும் என்றுதான் நினைக்கிறேன்.

விலையேற்றத்துக்கு ஏற்பத் தொகையை உயர்த்தும் விதி சட்டத்திலேயே இருக்க வேண்டும். ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள், ரொட்டி மானியத்தை வெட்டிவிட்டு ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுக்கத் தொடங்கியது. அப்போது அது சுமார் 45 டாலர். பல ஆண்டுகள் தொகையை ஏற்றவே இல்லை. சில ஆண்டுப் பணவீக்கமும் ரியாலின் சரிவும் அதைச் சில்லறையாக்கிவிட்டன.

பதில் 5: ஐந்தொகை

உமணன் சொன்னதோடு ஒன்று. எதை நீக்கிவிட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம். வேலை செய்யும் வயதினருக்கு இருக்கும் பெரும்பாலான உதவிகளைக் கலைத்து அதே பணத்தைத் தலைக்குச் சமமாகப் பிரித்தால் என்ன ஆகும் என்று ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) 2017இல் நான்கு ஐரோப்பிய நாடுகளுக்குக் கணக்கிட்டது. வந்த தொகை வறுமைக் கோட்டுக்கு வெகு கீழே. பிரிட்டனில் வறுமை கூடவே செய்தது. காரணம் எளிது. உதவி தேவைப்பட்டவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த தொகைகள் இதுவரை எதுவும் வாங்காதவர்களுக்குப் பிரிந்து போகின்றன.

அடுத்த முறை யாராவது திட்டம் நீட்டினால் நான்கு எண்களைக் கேளுங்கள்: தலைக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, எந்த வரி எத்தனை சதவீதம் ஏறும், எந்தெந்த உதவி நிற்கும். கடைசி இரண்டையும் எழுதாமல் வருகிற திட்டத்துக்கு வரவு செலவு போடவே முடியாது.